பிரவுண் பந்து அசைந்த விதம்

பிளேன்டீக்குச் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, ஐயா. பரவாயில்லை, குடிக்கிறேன். நீங்கள் சிங்களத்தில் எழுதினாலும் எனக்கு வாசிக்கத் தெரியும். அதனால் சொல்வதைச் சொன்னபடி எழுதிக்கொள்ளுங்கள்.

ருவான்வெல்லைக் கடைவீதியில் இந்த முக்தாரை, என்னைத் தெரியாதவர் இல்லை. ரப்பர் சீட் வாங்கி விற்கிறவன். கடையின் மேல்மாடியில் ஸ்னூக்கர் மேசை போட்டிருக்கிறேன். பதினெட்டு வருடமாகப் போட்டிகளில் ஆடுகிறேன். ஆறு கிண்ணம் வீட்டில் இருக்கிறது. எங்கள் மேசைக்கு நடுவர் கிடையாது. கையோ சட்டையோ பந்தில் பட்டால், பட்டவனே கையைத் தூக்கி ஃபவுல் என்று சொல்ல வேண்டும். அந்த வழக்கத்தை ஊருக்குக் கொண்டுவந்தவனே நான்தான். மறைத்த இரண்டு பேரைப் படியிறக்கி அனுப்பியிருக்கிறேன். முக்தார் நானா கையைத் தூக்கவில்லை என்றால் பந்தில் படவில்லை என்று ஊரே நம்பும். கிண்ணங்களைவிட அந்தப் பேர்தான் எனக்குப் பெரிது.

அஜந்தன் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்காரன், பால்வெட்டுகிறவன், இருபத்தாறு வயது. காலையில் மரங்களில் பால்வெட்டி, மத்தியானம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஆட வருவான். அருமையான ஆட்டக்காரன். அதை நான் மறுக்கவில்லை.

போன மாதம் கேகாலையில் எனக்கும் அவனுக்கும் இறுதிப் போட்டி. கடைசி ஆட்டத்தில் நான் எட்டிக் குனிந்தபோது பிரவுண் பந்து கொஞ்சம் அசைந்தது. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, ஐயா. நடுவர் மறுபக்கம் நின்றதால் காணவில்லை. அஜந்தன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் அடித்தேன், வென்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நானா, ஒங்க கை பட்டுச்சு. நீங்களே சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"ஒண்டும் படல்ல தம்பி. வேற ஆரிட்டயும் செல்லினீங்களா?"

"நான் ஏன் சொல்லப் போறேன்? நீங்களே சொல்லுவீங்க நானா, எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகும் தினமும் ஆட வந்தான். யாரிடமும் வாய் திறக்கவில்லை. தன் சட்டை நுனி பட்டால்கூடக் கையைத் தூக்கினான். வேண்டுமென்றே, நான் பார்க்கத் தூக்கினான். மூன்று கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படியொரு ஆத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக்குப் பின்னால் சீட் அடிக்கிற கொட்டிலுக்குக் கூப்பிட்டேன், ஆட்டத்துக்குப் புதுக் கியூக் கோல் தருகிறேன் என்று. சந்தோஷமாக வந்தான். வாங்கி, ஒரு கண்ணை மூடிக் கோணல் இருக்கிறதா என்று பார்த்தான். அப்போது தராசுப் படிக்கல்லால் காதுக்குப் பின்னால் ஒன்று போட்டேன். விழுந்தவனுடைய இடது கையை, கியூவைத் தாங்குகிற கையை, ரோலருக்குள் கொடுத்துப் பிடியைச் சுற்றினேன். ரப்பர் சீட்டில் வரி போடுகிற ரோலர். எலும்பு சீட்டைவிட மெதுவாகத்தான் போகிறது. எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை.

"படல்லண்டு செல்லு."

"படல நானா. சாமி சத்தியமா படல. விட்டுருங்க நானா."

ஏழெட்டுத் தடவை சொன்னான். ஒவ்வொரு தடவையும் பொய் சொல்கிறவன் குரலில் சொன்னான். நான் எதையும் பொறுப்பேன், பொய்யைப் பொறுக்க மாட்டேன். அதே படிக்கல்லால் நெற்றியில் மூன்று அடி. பிறகு அவன் என்னைப் பார்க்கவில்லை.

யாரும் என்னைப் பிடித்து வரவில்லை, ஐயா. கையைக் கழுவிக்கொண்டு நானே த்ரீவீலரில் பொலிசுக்கு வந்தேன். செய்ததைத் தானே சொல்லிவிடுவதுதான் என் பழக்கம்.

கொடுங்கள், வாசிக்கிறேன். எல்லாம் சரி. இந்த இடத்தில் மட்டும், 'போட்டியில் செய்த ஃபவுலை மறைப்பதற்காக' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வெட்டிவிடுங்கள். அஜந்தனை நான்தான் கொன்றேன், அதற்குக் கையெழுத்துப் போடுகிறேன். என் கை பந்தில் படவில்லை.