கயிறில்லாத் துறப்பணம்

— ஏனுங்க ஆசாரியாரே, காத்தால இருந்து அந்த இரும்புச் சக்கரத்தோட மல்லுக்கட்டறீங்க. என்ர கதவுல ஒரு ஓட்டையாவது விழுந்துச்சுங்களா?

— விழும் இருசாயி, விழும். புதுக் கருவி பாரு, புது மாட்டாட்டம் கொஞ்சம் மொரண்டு பண்ணுது. பழகுனாச் சரியாப் போயிரும்.

— மாடுன்னா ஒரு கை புல்லப் போட்டாப் பழகும். இதுக்கு என்னத்தப் போடறது? நாளைக்கு வெடியால மொளகு மூட்டையத் தூக்கிட்டு பேளுக்குறிச்சி சந்தைக்கு எறங்கோணும். கதவில்லாத ஊட்ட உட்டுட்டுப் போனா கொரங்கு வந்து குடித்தனம் பண்ணிரும். போன சந்தைக்குப் போறப்ப என்ர ஊட்டுக்காரரு வாசல்ல ஒரு பழைய பாயக் கட்டிட்டு வந்தாரு. திரும்பி வந்து பாத்தா ஒரு தாட்டான் கொரங்கு அந்தப் பாயவே இழுத்துப் போட்டுப் படுத்துத் தூங்குது!

— பொழுது சாயறதுக்குள்ள கதவ மாட்டிப்போடறேன். அருணாசல ஆசாரி சொன்னாச் சொன்னதுதான், பாத்துக்க.

— இதையேதான் நேத்தும் சொன்னீங்க. ஆமா, உங்க ஊட்டம்மா எங்கீங்க? சுப்பம்மா இல்லாம நீங்க மலையேறி நான் பாத்ததே இல்லையே. நீங்க ஓட்டை போடற துறப்பணத்து மண்டையில கொட்டாங்குச்சிய வெச்சு அமுக்குவீங்க. அந்தப் புள்ள எதுத்தாப்ல உக்காந்து கயித்த இப்பிடியும் அப்பிடியும் இழுக்கும். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓட்டை விழுந்திருமே!

— இனிமே அவ எதுக்கு இருசாயி? இதப் பாரு, கயிறே இல்லாத துறப்பணம். இந்தத் தகட்ட நெஞ்சுல அண்டக் குடுத்து, இந்தப் பிடியச் சுத்துனா வேலை முடிஞ்சுது. ஒத்த ஆள் போதும். சேலத்துல வாங்குனது.

— அப்ப சுப்பம்மாளுக்கு?

— ஓய்வு குடுத்துட்டேன். ஊட்ல சொகமா இருக்கட்டுமே.

— ஓய்வு குடுத்த அம்மா அதோ ஏத்தத்துல வாராங்க பாருங்க. மூஞ்சியப் பாத்தா சொகமா இருந்தாப்ல தெரியலீங்களே.

— அட சாமி! ஏ சுப்பு! நீ எங்க இங்க?

— ஏனுங்க, மலைய உங்க பேருக்கு எழுதி வெச்சிருக்குதுங்களா? நான் வரப்படாதா?

— வா கண்ணு, வா. மேமூச்சு வாங்குது பாரு. மொதல்ல தண்ணியக் குடி. பலாச்சொளை இருக்குது, எடுத்தாரேன்.

— சொளை கெடக்கட்டும் இருசாயக்கா. எனக்குப் பதிலா இவரு சேலத்துல இருந்து ஒரு சிங்காரியக் கூட்டிட்டு வந்தாரு. அவ எப்பிடி வேலை பாக்கறான்னு கண்ணால பாக்கோணுமே! நேத்து கோழி கூப்படறதுக்கு முந்தியே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, அவள மடியில கட்டிக்கிட்டு மலையேறிட்டாரு.

— சிங்காரியாமா! கருவி புள்ள அது, கருவி!

— அதுக்கு எண்ணெய் போட்டுத் தொடச்சு, துணியில சுத்தி, தலைமாட்டுல வெச்சுத் தூங்கறீங்களே. எனக்கு ஒரு நாளாவது தலைக்கு எண்ணெய் எடுத்துக் குடுத்திருப்பீங்களா?

— பாத்தியா இருசாயி? வாங்குன நாள்ல இருந்து இந்தப் பாட்டுத்தான். ஒரு கருவி வாங்குனது குத்தமா? எப்பிடி வாங்குனேன்னு கேளு. கடைக்காரன் மொதல்ல ஒண்ணக் காட்டுனான் பாரு, கரண்டுல ஓடறது. பட்டனத் தட்டுனா உர்ருன்னு சுத்துது. மேசையே ஆடுது. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அப்பறம் பாத்தா அதுக்குப் பின்னால நீளமா ஒரு வாலு. வாலு நுனிய செவுத்துல சொருகி வெச்சிருக்கறான். ‘ஏனப்பா, நாங்க வேலை செய்யற மலையில இந்த வாலக் கொண்டு போயி எங்க சொருகறது, பலா மரத்துலயா?’ன்னேன். கடையில இருந்தவன் பூராம் சிரிச்சான்.

— சேலத்துக்காரனுக்கும் கயிறு இல்லாம ஆகலீங்களே!

— கயிறில்ல இருசாயி, வயரு. கயிறும் வேண்டாம், வயரும் வேண்டாம், கையால ஓடறதாக் காட்டுன்னேன். ஒண்ணு குடுத்தான், கொழந்தை வெளையாட்டுச் சாமானாட்டம் இருந்துச்சு. இன்னொண்ணு கலப்பையாட்டம் வளைஞ்சு கெடந்துது. அதச் சுத்தறதுக்குள்ள தோள் எறங்கிப் போச்சு. அப்பறம்தான் இதை எடுத்தான். பெரிய பல்சக்கரம் ஒண்ணு, சின்னப் பல்சக்கரம் ஒண்ணு. ஒரு பலகையில ஓட்டிக் காமிச்சான் பாரு, வெண்ணெயில வெரல உட்டாப்ல எறங்குச்சு!

— அவன் ஓட்டறப்ப எறங்குச்சு. நீங்க ஓட்டறப்ப எறங்குச்சுங்களா?

— அது வந்து சுப்பு... மரம் கொஞ்சம் ஈரமா இருக்குது.

— என்னது? போன மழைக்கு முந்தி வெட்டி, பொகையில காஞ்ச பலா மரம் ஈரமா இருக்குதா? என்ர மரத்தக் கொறை சொல்லாதீங்க ஆசாரியாரே, சொல்லிப்போட்டேன்!

— இருங்கக்கா. ஏனுங்க, எம்முன்னால ஒருக்கா ஓட்டுங்க, பாக்கலாம்.

— ஓட்டறேன், பாத்துக்க. நெஞ்சுல இப்பிடி அண்டக் குடுத்து... இப்பிடிப் போயி... இப்பிடி வந்து... இப்பிடிப் போயி... இப்பிடி வந்து...

— ஐயோ, மொனை கழண்டு விழுந்திருச்சே!

— அதான் நேத்துப் புடிச்சு விழுந்துட்டே இருக்குது. நானும் மாட்டறேன், அதுவும் விழுவுது. கடைக்காரன் நல்லா ஏமாத்திப்போட்டான்.

— தள்ளுங்க, நான் பாக்கறேன். இத்தனை வருசம் கயிறு இழுத்த கை இது. மொனைய இறுக்கி மாட்டி, நீங்க அமுக்கிப் புடிங்க. இப்பிடி இழுத்து... இப்பிடி உட்டு... இழுத்து... உட்டு... அட சனியனே!

— உங்கையிலயும் விழுந்திருச்சு பாரு! இப்ப என்ன சொல்றே? என்னமோ நாந்தான் வேலை தெரியாதவனாட்டம் பேசுனயே!

— ஏம்ப்பா, நீங்க ரெண்டு பேரும் என்ர கதவத் தொட்டில்ல போட்டு ஆட்டறீங்களா? இப்பிடி ஆட்டுனா அது தூங்கிப்போயிரும்.

— சிரிக்காதீங்கக்கா. எனக்கு எரிச்சலா வருது. ஆனா நெசத்தச் சொல்லோணும்னா, ஒரு பக்கம் சந்தோசமாவும் இருக்குது.

— சந்தோசமா? உன்ர புருசன் வேலை கெட்டு நிக்கறான், உனக்குச் சந்தோசமா?

— பின்ன என்னங்க? எதுக்கு என்னைய வேண்டாம்னு வெச்சீங்க? கையில பலம் கொறைஞ்சுதா? வாயி நீண்டு போச்சா? எதுன்னு சொல்லிப்போட்டாவது போயிருக்கலாமல்ல?

— நீ ஊட்ல சொகமா இருக்கட்டும்னுதான்...

— செவுத்துப் பல்லியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது சொகமுங்களா? மழுப்பாதீங்க. உங்க காது செவந்தாலே எனக்குத் தெரியும்.

— சரி, கேட்டுக்க. அடிவாரத்து டீக்கடையில அந்தக் காளியண்ணன் என்ன சொன்னான் தெரியுமா? ‘அருணாசலம் சும்மா புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறான். வேலை பூராம் பொண்டாட்டிதான் செய்யறா. கூலிய அவ கையிலயே குடுங்க’ன்னான். அத்தனை பேரும் கெக்கெக்கேன்னு சிரிச்சானுங்க. நான் டீய அப்பிடியே வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

— அதுல என்னங்க பொய் இருக்குது?

— இருசாயி!

— வாய் தவறி வந்திருச்சுங்க ஆசாரியாரே. நான் சொளை எடுக்கப் போறேன்.

— போகாதீங்கக்கா, நீங்களும் கேளுங்க. என்னால இவருக்கு வெக்கமாம். ஒரு வேலைவெட்டி இல்லாதவன் சொன்னதக் கேட்டுட்டு, என்னைய ஊட்ல உக்கார வெச்சுட்டாரு.

— அப்பிடி இல்ல புள்ள...

— அப்பிடித்தானுங்க. எனக்கு அழுகையா வருது. ஊட்ல நீங்க என்ர மொகத்தப் பாக்கறீங்களா? சோத்தப் பாப்பீங்க, அப்பறம் கூரையப் பாத்துட்டே தூங்கிப்போவீங்க. கயிறு இழுக்கறப்பத்தான் எதுத்தாப்ல உக்காந்து என்னையப் பாப்பீங்க. ‘மெதுவா’ம்பீங்க, ‘இப்ப வேகமா’ம்பீங்க, ‘கை வலிக்குதா’ம்பீங்க. எனக்குன்னு இருந்தது அந்த நாலு வார்த்தைதான். அதையும் ஒரு சக்கரத்த வாங்கி நிறுத்திப்போட்டீங்களே.

— ஆசாரியாரே, மரமாட்டம் நிக்கறீங்களே! கண்ணத் தொடச்சுக்கத் துண்டக் குடுங்க.

— இந்தா சுப்பு.

— வேண்டாம். சிங்காரியத் தொடச்ச துண்டு அது.

— நல்ல ரோசந்தான் போ! சரி கண்ணு, நீ அழுது முடி. சண்டைய அப்பறம் போட்டுக்கங்க, என்ர கதவு என்னாகறது? கொஞ்சம் நகருங்க ஆசாரியாரே, இதுல என்னதான் இருக்குதுன்னு நானும் ஒருக்காத் தொட்டுப் பாக்கறேன். அட, இது நம்ம ராகிக்கல்லாட்டந்தானே இருக்குது! பிடியப் புடிச்சு ஒரு சுத்து... இன்னொரு சுத்து...

— ஏ ஏ இருசாயி! ஒரே பக்கமாச் சுத்தாதே, ஒடைஞ்சிரும்! பாதியில திருப்பி உடு!

— எதுக்குத் திருப்போணும்? ராகி அரைக்கறப்ப பாதி சுத்து போயிட்டுத் திரும்பியா வாரோம்? அப்பிடி அரைச்சா எந்தக் காலத்துல களி திங்கறது? நீங்க பேசாம அமுக்கிப் புடிங்க.

— ஏனுங்க... ஏனுங்க! தூள் வருதுங்க! மஞ்ச மஞ்சளா உழுகுது பாருங்க!

— எறங்குது சுப்பு, எறங்குது! ஐயோ, என்ன வேகமா எறங்குது!

— மொனை அடிப் பக்கம் எட்டிப் பாக்குது! போதுங்கக்கா, நிறுத்துங்க, தரையத் தொளைச்சுப்போடுவீங்க!

— நல்லா இருக்குதே இது! இன்னொண்ணு போடட்டுங்களா ஆசாரியாரே?

— குடு இப்பிடி! அட என்ர கூறுகெட்ட கையே! கடைக்காரன் ஒரே பக்கமாத்தான் சுத்துனான், நானும் கண்ணால பாத்தேன். கை கேக்கலையே! பொறந்ததுல இருந்து போயி வந்து, போயி வந்துன்னே பழகுன கை. நம்ம துறப்பணம் போறப்பவும் திங்கும், வாரப்பவும் திங்கும். இது போறப்ப மட்டுந்தான் திங்குது. திருப்பி உட்டா, தின்னதக் கக்கிட்டுக் கழண்டுக்குது!

— அப்ப கடைக்காரன் ஏமாத்தலீங்களா?

— இல்ல இருசாயி, நாந்தான் ஏமாந்தேன். தள்ளு, தள்ளு. இப்பப் பாரு அருணாசலத்து வேலைய. கயிறில்ல, ஆளில்ல... ஒண்ணு ஆச்சு! சட்டத்த இப்பிடித் திருப்பு... இன்னொண்ணு! சுப்பு, பாத்தியா? சுப்பு? ஏ, எங்க போயிட்டே?

— எங்கயும் போகலீங்க. கொய்யா மரத்தடியில உக்காந்திருக்கறேன். நீங்க பாருங்க.

— பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?

— பாத்தேன். நல்ல கருவிதானுங்க. வஞ்சகமில்லாமச் சொல்றேன், ரொம்ப நல்ல கருவி.

— ஆசாரியாரே, அங்க என்ன பேச்சு? வெயில் எறங்குது. ஆணிய அடிச்சுக் கதவத் தூக்குங்க, நான் கீழ புடிச்சுக்கறேன்.

— தூக்கு... கொஞ்சம் இந்தப் பக்கம்... ஆங், உக்காந்திருச்சு. சாத்திப் பாரு இருசாயி.

— கிறீச்சுன்னுகூட ஒரு சத்தமில்லையே! கொண்டியும் பாந்தமா விழுவுது. வரட்டும் அந்தத் தாட்டான், வந்து தட்டிப் பாக்கட்டும்! என்ர சாமி, நல்லா இருப்பீங்க. ஆனா வேலை முடிஞ்ச மனுசன் எதுக்குங்க எழவு ஊட்டுக்கு வந்தவராட்டம் மொகத்த வெச்சிருக்கறீங்க?

— எனக்கே வெளங்கல இருசாயி. குனிஞ்சு சுத்தறேன், சுத்தறேன். நிமிந்து பாத்தா எதுத்தாப்ல செவுருதான் இருக்குது. மெதுவான்னு சொல்ல ஆளில்ல, வேகமான்னு வைய ஆளில்ல. வேலை சுருக்க முடிஞ்சுதே ஒழிய மனசு ஒட்டல.

— வையறதுக்கு ஆளில்லைன்னு வெசனமுங்களா உங்களுக்கு?

— ஆமா சுப்பு, வெசனந்தான். காளியண்ணன் சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறான். இனிமே எந்த வேலைக்கும் நீ எங்கூட வா. நீ சுத்து, நான் அமுக்கறேன். இல்ல, நான் சுத்தறேன், நீ அமுக்கு. ஒண்ணுமே செய்யாட்டியும் பரவாயில்ல, எதுக்க வந்து உக்காரு. நான் செஞ்சது தப்புத்தான். அட, அந்தக் கூடையில பழைய துறப்பணமும் கயிறும் இருக்குதே! எனக்குன்னுதானே சொமந்துட்டு வந்தே?

— உங்களுக்கு இல்லீங்க.

— பின்ன யாருக்கு?

— நேத்து நீங்க கெளம்பிப் போனதுக்கு அப்பறம் இதே மலையில வளப்பூர் நாட்டு ராசப்பண்ணன் நம்ம ஊட்டுக்கு வந்தாரு. மாட்டுக் கொட்டாயிக்குச் சட்டமும் படலும் போடோணும், ஆசாரி எங்கன்னு கேட்டாரு. நாந்தான் ஆசாரின்னேன்.

— என்ன சொன்னே?

— நாந்தான்னேன். என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. உங்க ஊட்டுக்காரர் இல்லையான்னாரு. அவரு சேலத்துக்காரி ஒருத்தியோட மலைக்குப் போயிட்டாருன்னேன். சிரிச்சுப்போட்டு, ‘என்ர ஊட்டு ஏணியில நீ அடிச்ச ஆணிதான் இன்னும் ஆடாம நிக்குது, வந்து செய்யி’ன்னுட்டாரு.

— அப்பிடிப் போடு கண்ணு!

— நீ சும்மா இரு இருசாயி! ஏ சுப்பு, துறப்பணம் புடிக்கறதுன்னா வெளையாட்டா? மொனைய நேரா நிறுத்தோணும், எங்க அமுக்கறது, எங்க உடறதுன்னு கை அறியோணும். உனக்கு எப்பிடித் தெரியும்?

— எதுத்தாப்ல உக்காந்து நீங்க என்ர மொகத்தப் பாத்தீங்க. நான் உங்க கையத்தானுங்க பாத்துட்டிருந்தேன்.

— சரி, புடிப்பே, ஒத்துக்கறேன். அமுக்கறது நீயின்னா கயிறு இழுக்கறது யாரு? அதுக்கு ஒரு ஆள் வேணுமே?

— அந்த ஆளத் தேடித்தானுங்க இந்த ஏத்தம் ஏறி வந்தேன். நீங்க வாரீங்களா, இல்ல இருசாயக்காளக் கூட்டிக்கட்டுமா?