நீல டிரம் சுத்தமானது

எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, ஐயா. வேளாங்கண்ணிப் பக்கம் எல்லாம் உப்புதான். குடிக்க லாரித் தண்ணீர். அதைப் பிடித்து வைக்க நாகூரில் பழைய சாமான் கடையில் ஒரு நீல டிரம் வாங்கினேன். நானே மணல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

என் சம்சாரம் இருதயம்மாள், "ஏங்க, தண்ணியில ஏதோ வாடை வருது" என்றாள்.

"மூக்கைப் பிடிச்சிக்கிட்டுக் குடி" என்றேன். எதையும் குறை சொல்கிறவள். நான் டீக்கடையிலேயே பொழுதைக் கழிக்கிறவன். வீட்டுத் தண்ணீர் குடிப்பது குறைவு.

தை மாதம் லாரி வரவில்லை. டிரம்மில் அடித் தண்ணீரை மொண்டு குடித்தவள் நுரை தள்ளி விழுந்தாள். ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. பூச்சிமருந்து என்றார் டாக்டர். அவளே குடித்திருப்பாள் என்று உங்கள் ஸ்டேஷனில் கேஸை முடித்தார்கள். எனக்குத் தெரியும், அது பஞ்சநாதன் வேலை. பக்கத்து வயல்காரன், வரப்பை வெட்டி என் பக்கம் தள்ளுகிறவன். அந்த வாரம் மருந்து மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு எங்கள் கொல்லையோரம் நின்றான்.

மன்னார்குடியில் காலேஜ் வாத்தியாராக இருக்கிறான் டேவிட்சன், அவள் தங்கை மகன். கெமிஸ்ட்ரி. அவள் குடித்த சொம்பையும், பஞ்சநாதன் அடிக்கிற மருந்தில் கொஞ்சத்தையும் அவனிடம் கொடுத்தேன். நான் கேட்காமலே டிரம்மின் அடியையும் சுரண்டி எடுத்துக்கொண்டு போனான். பத்து நாளில் மெஷின் கோடு போட்ட தாள்களோடு திரும்பி வந்தான்.

"கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை இதுக்குள்ள விடுவோம், பெரியப்பா. அணுவெல்லாம் ஸ்பிரிங் போட்ட மாதிரி ஆடிக்கிட்டிருக்கும். அதது ஆட்டத்துக்கு ஏத்த வெளிச்சத்தை மட்டும் குடிச்சிட்டு மிச்சத்தை விட்டுடும். குடிச்ச எடத்துல கோடு பள்ளமா எறங்கும். மருந்துக்கு மருந்து பள்ளம் மாறும்."

"வெளிச்சத்தைக் குடிக்குதா? நீ எதைக் குடிச்சிட்டு வந்தே?"

அவன் சிரிக்கவில்லை. தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னலில் பிடித்துக் காட்டினான். "சொம்புல இருந்ததும் டிரம்ல சுரண்டுனதும் ஒண்ணு. பஞ்சநாதன் அண்ணன் மருந்து வேற. அந்த டிரம் முன்னாடி மருந்து வந்த டிரம், பெரியப்பா. உடைச்சுப் புதைச்சிடுங்க."

டிரம்மை வாங்கியது நான். கழுவியது நான். குடி என்று சொன்னதும் நான். அப்படியானால் அந்தத் தாள் யாரைச் சொல்கிறது? டேவிட்சனைப் பஞ்சநாதன் கைக்குள் போட்டுக்கொண்டான் என்று புரிந்தது. டிரம்மை உடைக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. பஞ்சநாதன்தான் முதலில் வந்தான். பாத்திரமெல்லாம் இறக்கிப் போட்டான். "எத்தனை நாளு அண்ணி கையால காப்பி குடிச்சிருக்கேன், அண்ணே" என்று அழுதான். நடிக்கத் தெரிந்தவன். பிறகு தண்ணீர் கேட்டான்.

டிரம்மில் கொஞ்சம் தண்ணீர் விட்டு முந்தின நாளே ஊறவைத்திருந்தேன். வாடை தெரியாமல் இருக்க வெட்டிவேர் போட்டு ஒரு சொம்பு கொடுத்தேன். நான் மருந்து எதுவும் வாங்கவில்லை, கலக்கவில்லை. டிரம் சுத்தமென்றால் அவனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஏதாவது ஆனால் அது மாதா கொடுத்த கூலி என்று நினைத்தேன். அண்ணாந்து, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தான். "நல்லாருக்குண்ணே" என்றான். இலை போடுவதற்குள் விழுந்துவிட்டான்.

நீங்களும் அவன் குடித்த சொம்பை அதே மாதிரி மெஷினில் போட்டு அதே பள்ளத்தைக் காட்டுகிறீர்கள். காட்டுங்கள். என் சம்சாரம் குடித்த டிரம்மில் ஒன்றும் இல்லை. அதை எங்கே கேட்டாலும் சொல்வேன். மெஷின் பொய் சொல்கிறது.

சாப்பிட வந்த மற்றவர்களுக்கு மட்டும் கடையில் கேன் தண்ணீர் வாங்கி வைத்திருந்தேன், ஐயா.