செலியமேட்டுத் திருப்பம்

காபிக்கு நன்றி சார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை.

நான் ஓடுகிறவள் இல்லை, ஓடினதெல்லாம் என் தம்பி நவீன்குமார்தான். கிருமாம்பாக்கத்தில் கிளம்பி, பாகூர் ஏரிக்கரை, செலியமேட்டுக் கரும்புக் கொல்லை என்று சுற்றி, மணப்பட்டுக் கடற்கரையில் முடிகிற கோடைப் பந்தயம் அது. ஓடுகிற எல்லோரும் இடுப்பில் தண்ணீர் பாட்டில் கட்டியிருக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. வருஷா வருஷம் ஜெயிக்கிற ராஜ்மோகன் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, "இது இன்னா பந்தயமா, பால்வாடியா? அவனவன் உடம்ப அவனவன் பாத்துக்குவான்" என்றான். விதியை எடுத்துவிட்டார்கள். கைதட்டியவர்களில் என் தம்பியும் ஒருவன்.

போன வருஷம் நவீன்தான் முன்னால் ஓடினான். கரும்புக் கொல்லை வரப்பில், வெயிலில் சுருண்டு விழுந்தான். அடுத்து வந்த ராஜ்மோகன் அவனைத் தாண்டிப் போய் ஜெயித்தான். மற்றவர்கள் வந்து தூக்கும்போது உயிர் இல்லை.

துக்கத்துக்கு வந்த ராஜ்மோகன், "பாத்தேன்க்கா. எழுந்து வந்துருவான்னு நெனச்சேன்" என்றான். நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு விதி திரும்ப வந்தது. திருப்பத்துக்குத் திருப்பம் தண்ணீர் கேனோடு காவலுக்கு ஆளும் போட்டார்கள். செலியமேட்டுத் திருப்பத்தை எனக்குக் கொடுங்கள் என்று பந்தயம் நடத்துகிற மணவாளன் சாரிடம் கேட்டேன். "உனக்குத்தாம்மா அதோட அருமை தெரியும்" என்று கண் கலங்கினார்.

இந்த வருஷமும் ராஜ்மோகன்தான் முதலில் வந்தான். இடுப்பில் பாட்டில் இல்லை.

"பாட்டில் எங்கப்பா?"

"கனமா கீது, வழில கடாசிட்டேன். வுடுக்கா."

விதிப்படி அவனை நிறுத்தியிருக்க வேண்டும். ஒதுங்கி வழிவிட்டேன். நான் நினைத்திருந்தது அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் அவனே திரும்பி வந்தான். எந்தப் பக்கம் போகிறோம் என்றே தெரியவில்லை அவனுக்கு. வியர்வை நின்று தோல் காய்ந்திருந்தது, கால் பின்னியது. தண்ணி என்றான். கையைப் பிடித்துக் கரும்புக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தேன். உள்ளே காற்று வராது, உங்களுக்கே தெரியும். "இரு, எடுத்தாறேன்" என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்தேன்.

மணவாளன் சாருக்குப் போன் போட்டு, "ராஜ்மோகன் தாண்டிட்டான் சார், நல்லா ஓடுறான்" என்றேன். அதனால்தான் அவனைக் கடற்கரைப் பக்கமாகவே தேடினார்கள்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினேன், தலையிலும் ஊற்றி அனுப்பினேன். சரண்யா என்று ஒரு பெண், "ராஜ்மோகன் அண்ணன் எவ்ளோ தூரம் போயிருக்கும்க்கா?" என்று கேட்டாள். "ரொம்ப தூரம் போயிட்டாம்மா" என்றேன்.

கடைசி ஆளும் போன பிறகு உள்ளே போனேன். அவனுக்கு இன்னும் மூச்சு இருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது.

"நவீனு தண்ணி கேட்டான்க்கா. எங்கையில இல்ல. ஓடிப்போயி சொல்லலாம்னுதான் ஓடுனேன். ஜெயிச்சதும் தோள்ல தூக்கிட்டானுங்க. அதுல மறந்துட்டேங்க்கா."

பொய் சொல்கிற நிலைமையில் அவன் இல்லை, நம்பினேன். அவனிடம் தண்ணீர் இல்லை. என்னிடம் அரை கேன் மீதி இருந்தது. ஆனால் அதை வைத்து வாக்குமூலத்தில் எங்கள் இருவரையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள் சார். அவன் என் தம்பியை விட்டுவிட்டு ஓடிப்போனவன். நான் கடைசி வரைக்கும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன்.