உடைபடாத பூட்டு

“முன்கதவுப் பூட்டும் பின்கதவுப் பூட்டும் அப்படியே இருக்குக்கா. பெட்டியில இருந்த காரு முப்பதையும் காணோம்.”

நானுஓயாவில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன் இருக்கையில் இருந்த இளம்பெண் இப்படிச் சொன்னாள். அவள் பக்கத்தில் இருந்த பெண், தேயிலைத் தோட்டத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் இருக்கும் அதே லயத்தில், அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி என்பது பேச்சில் தெரிந்தது. என் மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். வரும்போது வீட்டைச் சரியாகப் பூட்டினேனா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“வெளையாட்டுக் காருதானே புள்ள?”

“அவரு சின்ன வயசுல இருந்து சேத்ததுக்கா. பெத்த புள்ளையக்கூட தொட விடமாட்டாரு. சனிக்கெழம கொழும்புல இருந்து வர்றாரு. நான்தான் வித்துட்டேன்னு நெனைப்பாரு.”

“பூட்டின வீட்டுக்குள்ள கள்ளன் எப்படி வந்தான்?”

“நடுச்சொவரு கூரை வரைக்கும் இல்லையேக்கா. ஏறிக் குதிச்சா உள்ளதானே.”

“நடுச்சொவருக்கு அந்தப் பக்கம் நாங்கதானே இருக்கோம்?”

“நான் யாரு பேரையும் சொல்லலக்கா.”

“சொல்லாம சொல்லுற. வா, எங்க வீட்ட நல்லா தேடிப் பாத்துக்க. பானை சட்டியக்கூட கவுத்துப் பாரு.”

“வேணாங்க்கா. நேத்தே பாத்துட்டேன். அங்க இல்ல.”

“நேத்தா? நாங்க எல்லாரும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருந்தோமே. வீடு பூட்டித்தானே கெடந்துச்சு?”

இளம்பெண் ஜன்னல் பக்கம் திரும்பி, சிராய்த்திருந்த முழங்கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.