சடங்கு வீடியோ

சத்யா: கதவைச் சாத்து தம்பி. பக்கத்து வீட்டுல காதைத் தீட்டிக்கிட்டு இருப்பாங்க.

அரவிந்த்குமார்: சாத்தியாச்சு. போனை இங்கிட்டு குடுக்கா.

சத்யா: குடுக்குறேன். பாத்துட்டு எல்லாத்தையும் அழிச்சிரு. நீதான செல்போன் கடை வச்சிருக்க. ஒரு எழுத்து மிச்சம் இருக்கக் கூடாது.

அரவிந்த்குமார்: அழிச்சிட்டா போலீஸ்ல என்னத்தக்கா காட்டுறது?

சத்யா: போலீசா? வயசுக்கு வந்து மூணு மாசம் ஆகல. என் மகளை ஸ்டேஷன் படி ஏத்துவியா நீ?

அரவிந்த்குமார்: மொதல்ல என்ன நடந்துச்சுன்னு சொல்லு.

சத்யா: அந்த எழவெடுத்த கேம்ல எவனோ ஒருத்தன் இவகூடச் சேந்து ஆடியிருக்கான். அப்புறம் இன்ஸ்டாவுல பேச்சு. நேத்து ஸ்கூல் விட்டு வந்தவ சோறு வேணாம்னு படுத்துட்டா. போனைப் பிடுங்கிப் பாத்தா... நீயே படி.

அரவிந்த்குமார்: "நாளைக்குக் கீரனூர் பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். தனியா வா. வரலன்னா நீ பேசுனதெல்லாம் சிங்கப்பூர்ல ஒங்கப்பாவுக்குப் போகும்..." நாளைக்குன்னா, இன்னைக்கா?

சத்யா: இன்னைக்குத்தான். அதான் பள்ளிக்கூடம் விடல. இனிமேலும் விடமாட்டேன். எட்டாவது வரைக்கும் படிச்சது போதும்.

அரவிந்த்குமார்: அவன் செஞ்சதுக்கு இவ படிப்பையா நிறுத்துவ?

சத்யா: இவ எடம் குடுக்காமயா அவன் வந்தான்? எந்த ஊரு, எந்த பஸ்சு, அப்பா எங்க இருக்காரு... எல்லாம் எவ சொன்னா?

அரவிந்த்குமார்: அவளையே கேப்போம். கார்த்திகா... பாப்பா, இங்க வா. மாமா பக்கத்துல உக்காரு.

கார்த்திகா: அடிப்பீங்களா?

அரவிந்த்குமார்: ஒன்னைய நான் என்னைக்கு அடிச்சிருக்கேன்?

கார்த்திகா: அம்மா காலைல...

சத்யா: அடிக்காம கொஞ்சுவாங்களா?

அரவிந்த்குமார்: அக்கா, செத்த சும்மா இரு. பாப்பா, அவனுக்கு போட்டோ ஏதும் அனுப்புனியா?

கார்த்திகா: கேட்டுக்கிட்டே இருந்தான். அனுப்பல மாமா. சாமி சத்தியமா.

அரவிந்த்குமார்: நேர்ல பாத்திருக்கியா?

கார்த்திகா: இல்ல.

அரவிந்த்குமார்: அப்ப நீ பயப்படவே வேணாம். மெரட்டுறவன்தான் பயப்படணும். ஊரு, ஸ்கூலெல்லாம் நீயா சொன்ன?

கார்த்திகா: சொல்லல மாமா. கேம்ல என் பேரே வேற. அவனாத்தான் மொத நாளே, "நீ கார்த்திகாதானே"ன்னு கேட்டான்.

சத்யா: பொய்யி.

அரவிந்த்குமார்: பொய் இல்லக்கா. இந்தா, மேல தள்ளிப் பாரு. இவ ஒண்ணும் சொல்லல. அவன்தான் சொல்றான். குளத்தூரு, எட்டாவது, எட்டு மணி பஸ்சு, அப்பா சிங்கப்பூரு...

சத்யா: வேற யாரு சொல்லிருப்பா? காத்தா வந்து சொல்லும்?

அரவிந்த்குமார்: நான்தான்க்கா சொல்லிட்டேன்.

சத்யா: நீயா?

அரவிந்த்குமார்: பாப்பா சடங்குக்கு நான் சீர் கொண்டாந்தேன்ல... எண்பத்தொரு தட்டு, செண்டை மேளம், ட்ரோன். அந்த வீடியோவ பேஸ்புக், இன்ஸ்டான்னு எல்லாத்துலயும் ஊரே பாக்குற மாதிரி போட்டேன். அதுல நம்ம பேனரு முழுசாத் தெரியும். பாப்பா போட்டோ, பேரு, ஊரு, மச்சான் பேருக்குப் பக்கத்துல சிங்கப்பூர்னு... அது பத்தாதுன்னு இவ இன்ஸ்டாவையும் சேத்து டேக் பண்ணேன். அங்க போனா இவ ஆடுற கேமு, அதுல இவ வச்சிருக்குற பேரு எல்லாம் கெடக்கு.

சத்யா: எல்லா வீட்டுலயும் போடுறதுதான. நீ மட்டுமா போட்ட?

அரவிந்த்குமார்: எல்லாரும் போட்டா சரியாயிருமா? தாய்மாமன்னு என் மூஞ்சி பெருசா இருந்துச்சு, அந்த சந்தோசத்துல போட்டேன். கடைக்கு வர்ற புள்ளைங்ககிட்ட, தெரியாத ஆளுகிட்ட எதையும் சொல்லாதீங்கன்னு தெனமும் சொல்றவன் நான். வெக்கமா இருக்குக்கா.

சத்யா: சரி விடு. நடந்தது நடந்து போச்சு. வீடியோவையும் சேத்து அழிச்சிரு.

அரவிந்த்குமார்: வீடியோவ எடுத்துர்றேன். இவன் அனுப்புனத மட்டும் தொடக் கூடாது. அத்தனையும் படம் புடிச்சுக்கிட்டு, நம்மளே புதுக்கோட்டைக்குப் போயி சைபர் கிரைம்ல குடுப்போம். பத்து ஒம்பது எட்டுக்கும் போன் போடுவோம், அது சின்னப் புள்ளைங்களுக்குன்னே உள்ள நம்பரு. பாப்பா, ஒரே ஒரு கேள்வி. யாருன்னே தெரியாதவன்கிட்ட நீ எதுக்கு ஆத்தா பேசுன?

கார்த்திகா: அதை மட்டும் கேக்காதீங்க மாமா.

சத்யா: பாத்தியா? வாயத் தொறக்குறாளா பாரு.

அரவிந்த்குமார்: இரு அக்கா. பேனர்ல பஸ்சு டைம் இல்லையே. அது எப்படி அவனுக்கு... வீடியோவுக்குக் கீழ யாராச்சும் எழுதியிருக்காங்களான்னு பாக்குறேன்.

சத்யா: அதெல்லாம் எதுக்கு இப்ப? போனைக் குடு.

அரவிந்த்குமார்: இரு அக்கா... எல்லாரும் வாழ்த்துதான்... இந்தா, ரோஜாப்பூ படம் வச்ச ஆளு. "வாழ்த்துகள். பாப்பா எங்கே படிக்கிறது?"

சத்யா: குடு தம்பி.

அரவிந்த்குமார்: "நன்றி அண்ணா. கீரனூரில் எட்டாவது படிக்கிறாள். குளத்தூரிலிருந்து எட்டு மணி பஸ்ஸில் போய் வருகிறாள்..." அக்கா. இது ஒன் பேரு.

சத்யா: மரியாதையாக் கேட்டாங்க தம்பி. சீர் பாத்த சொந்தக்காரங்க யாரோன்னு நெனைச்சு... பதில் சொல்லாம விட்டா நல்லா இருக்காதுன்னு...

அரவிந்த்குமார்: இது ஒனக்கு நெனப்பே வரலையா?

சத்யா: காலைலயே தேடிப் பாத்தேன். அழிக்கத் தெரியல. அதான் ஒன்னைய வரச் சொன்னேன்.

அரவிந்த்குமார்: பாத்துட்டுமா புள்ளைய அடிச்ச?

சத்யா: பாத்த பொறவுதான் அடிச்சேன். ஒன் மச்சான்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? ஒங்க மகளை நான்தான் காட்டிக் குடுத்தேன்னா? பழி அவ மேலயே இருந்துட்டுப் போகட்டும்னு நெனைச்சிட்டேன் தம்பி. பெத்தவ நெனைக்கிற நெனப்பா இது?... கார்த்திகா, அம்மாவப் பாருடி. ஏதாச்சும் சொல்லு.

கார்த்திகா: நீ எழுதுன அந்தப் பதிலை மொத நாளே அவன் எனக்கு அனுப்பிக் காட்டுனான்மா. நீ அவனை அண்ணான்னு சொல்லியிருந்தியா... எனக்கு மாமா முறைன்னு நெனைச்சுத்தான் பேசுனேன். அப்பா பாத்தா ஒன்னையத் திட்டுவாங்கன்னு அதை மட்டும் நேத்தே அழிச்சிட்டேன்.