மஞ்சள் கோட்டுக்கு வெளியே

ஒடுகத்தூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும். தம்பியின் வலது கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கியது.

“நாங்களே வேணும்னுதான் மோத வுடுவோம்க்கா,” என்றான். நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

“இன்னாத்துக்குடா?”

“ரோபோ கை வேகமா வந்து பெட்டியில மோதும். மோதுனதும் எந்தப் பக்கம் திரும்பும், எவ்ளோ தூரம் போவும்னு கம்ப்யூட்டர் முன்னாடியே சொல்லிடும். அது சரியாப் போவுதான்னு பாக்கறதுதான் என் வேலை.”

“அப்புறம் எப்பிட்றா உன்மேல பட்டுச்சு?”

“மஞ்சக் கோட்டுக்கு வெளியதான் நின்னேன். கணக்குப்படி அது அங்க வரவே கூடாது.”

“கணக்கு தப்பா?”

“கணக்கு சரிதான். ஆயுத பூஜைக்கு அந்தக் கையில மாலை போட்டோம். மறுநாள் சாமி மாலைய கழட்ட மனசு வராம அப்படியே ஓட்டிட்டோம். தண்ணி தெளிச்ச மாலை, நல்ல கனம். அந்தக் கனம் கணக்குல இல்ல.”

“வெரலு மடங்குமா?”

“ரெண்டு வெரல் மடங்காதுன்றாங்க.”

கொண்டை ஊசி வளைவில் பேருந்து திணறித் திரும்பியது. அக்கா முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“எந்த மாலைடா? நான் கட்டிக் குடுத்தனுப்புனதா?”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“இல்லக்கா. அது கடையில வாங்குனது.”

அவள் அந்த மாவுக்கட்டைப் பார்த்தாள்.

“அப்போ என் மாலைய இன்னா பண்ண?”

“குளுருதுக்கா,” என்று அவன் இடது கையால் ஜன்னலை இறக்கினான்.