கார்டு இல்லாத கேமரா

பழைய டிஜிட்டல் கேமராவுக்குப் பெரிய மெமரி கார்டு வாங்கக் கூடாது. இது பலருக்குத் தெரிவதில்லை. கடையில் எது பெரியதோ அதைக் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். முப்பத்திரண்டு ஜிபியைப் பழைய கேமராவுக்குப் படிக்கத் தெரியாது. கார்டு கோளாறு என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். இரண்டு ஜிபி வரைதான் அது ஏற்றுக்கொள்ளும். அந்தச் சின்னக் கார்டு இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை. திண்டிவனத்தில் தேடி அலுத்து, விழுப்புரம் போய்த்தான் வாங்கினேன்.

முதலிலிருந்து சொல்லுங்கள் என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. முதல் எது என்று யோசித்துப் பார்த்தேன். கார்டிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரிசையாக வருகிறது.

என் வீட்டு மாடியில் ரஞ்சித் குடும்பம் வாடகைக்கு இருந்தது. ரஞ்சித், அவன் மனைவி கலைப்பிரியா, அம்மா லட்சுமியம்மாள், கைக்குழந்தை காயத்ரி. கீழே நான் மட்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன், மனைவியும் இல்லை. புத்தகம் படிப்பேன். படித்த பக்கத்தை மூடிவிட்டு, அது எனக்குள் அடங்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்பேன். சில நாள் அப்படியே பொழுது போய்விடும். யாருக்கும் இதனால் தொந்தரவு இல்லை.

ரஞ்சித் நல்லவன். பைக் ஷோரூமில் வேலை. படியில் இறங்கும்போதே சீட்டியடிப்பான். "சாப்டீங்களா சார்?" என்று ஜன்னல் வழியாகக் கேட்பான். ஆமாம் என்றால் என்ன குழம்பு என்பான். ஒரு மனிதன் பேசாமல் இருப்பதை நோய் என்று நினைத்து அதற்கு வைத்தியம் செய்ய வந்தவன்போல இருப்பான். புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய கேமரா வாங்கி வந்தான். சாதாரண பென்சில் பேட்டரி இரண்டு போடுகிற வகை. அன்றைக்கு முழுவதும் அதைப் பற்றியே பேசினான்.

சென்ற வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், ஊருக்கு வெளியே கைவிட்டுப்போன கல்குவாரியின் தண்ணீரில் மூழ்கி இறந்தான். உங்களுக்கு முன்பு இருந்தவர்தான் வந்து பார்த்தார். பாறைமேல் செருப்பு ஜோடியாக இருந்தது, பக்கத்தில் கேமரா. செருப்பை அப்படிச் சேர்த்து வைத்திருந்ததைப் பார்த்தே ஊர் முடிவு செய்துவிட்டது. தவறி விழுந்தவன் செருப்பைக் கழற்றி அடுக்கி வைத்துவிட்டு விழமாட்டான் அல்லவா. முதல் நாள் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை நடந்ததும் தெருவுக்குத் தெரியும். குழந்தையை வளவனூரில் உள்ள தாய்வீட்டுக்குக் கொண்டுபோவது பற்றி ஏதோ பேச்சு. என் மகனைப் பேசியே குதிக்க வைத்துவிட்டாள் என்று லட்சுமியம்மாள் சொன்னார். அதுதான் மருமகளிடம் அவர் சொன்ன கடைசி வாக்கியம். பிறகு ஒரே வீட்டில் இருந்தும் அந்த இரண்டு பெண்களும் பேசிக்கொள்ளவில்லை. ஒருத்தி சமைத்து முடித்தபின் இன்னொருத்தி அடுப்பைப் பற்றவைப்பாள். குழந்தை அழுதால்கூட யார் தூக்குவது என்று தெரியாமல் சிறிது நேரம் அழும்.

அந்த வருஷம் நான் நிறையப் படித்தேன்.

இந்த வருஷம் ஒரு நாள் கலைப்பிரியா கேமராவோடு கீழே வந்தாள்.

"சார், பாப்பாவுக்குத் திருவக்கரையில காது குத்தறோம். அவரு கேமராவுலயே எடுக்கணும்னு எனக்கு. பேட்டரி போட்டேன். கார்டு ஒத்துக்கலன்னு காட்டுது."

"போன்ல எடுக்கலாமேம்மா."

"போன்ல எடுத்தா மூஞ்சிக்கு மாவு பூசின மாதிரி இருக்குதுன்னு அவரு திட்டுவாரு சார். அவரு எடுத்தா எப்படி இருக்குமோ அப்படி இருக்கணும்."

மாடிப்படியில் லட்சுமியம்மாள் நின்றிருந்தார். மருமகளைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். "எடுத்துக்கச் சொல்லுங்கண்ணே. ஆளத் தண்ணிக்கு அனுப்பிச்சாச்சு. இன்னமே படம் புடிச்சிக்கினு சோக்கா இருக்கச் சொல்லுங்க."

கலைப்பிரியா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அந்தக் கார்டு ரஞ்சித்தின் சட்டைப்பையில் கிடைத்தது என்று மட்டும் சொன்னாள். பெரிய கார்டு. இறப்பதற்கு முன் புதிதாக வாங்கியிருக்கிறான்.

கேமராவை வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் போனபின் கார்டை வெளியே எடுத்துவிட்டு, பொத்தானை அழுத்திப் பார்த்தேன். கார்டு இல்லாத கேமராவில் ஒன்றும் இருக்காது என்றுதான் எல்லாரையும்போல நானும் நினைத்திருந்தேன். நாங்கள் பிலிம் காலத்து ஆட்கள். பிலிம் இல்லாத கேமராவில் எத்தனை முறை அழுத்தினாலும் சத்தம் மட்டும்தான்.

உள்ளே ஐந்து படங்கள் இருந்தன.

மறுநாள் விழுப்புரம் போனேன். ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் பழைய செல்போன் வாங்கி விற்கும் பாண்டுரங்கன் என்பவரின் கடை இருக்கிறது. கேமராவைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னா சார், மியூசியத்துலேர்ந்து வர்றீங்களா? இதுக்கு ரெண்டு ஜிபி கார்டு யாரு வச்சிருக்கான்? கம்பெனிக்காரனே மறந்துட்டான்."

"தேடிப் பாருங்க."

"பேஜாரு புடிச்ச வேலை குடுக்கறீங்க." ஒரு டப்பாவைக் கவிழ்த்துக் கிளறினார். பழைய பட்டன் போனிலிருந்து கழற்றிய விரல்நகம் அளவுக் கார்டு ஒன்று கிடைத்தது. அதற்கு மேலே சட்டைபோல ஒரு அடாப்டரை மாட்டினார். "இது ஏறும். குடுங்க, போட்டுப் பாத்துடலாம்."

"நானே போடறேன்."

"அட குடுங்க சார், கடிச்சித் துன்னுட மாட்டேன்." வாங்கிக்கொண்டார். கார்டைப் போடும் முன்னே கேமராவை இயக்கிவிட்டார். "இந்த மாடல்ல உள்ளயே கொஞ்சம் மெமரி இருக்கும் சார். கார்டு இல்லன்னா நாலஞ்சு படம் அதுல வுழும். எதனா கீதான்னு பாக்கலாமா?"

அவர் கட்டைவிரல் பொத்தானுக்குப் போனது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் அழுத்தமாகப் பிடித்துவிட்டேன் போல. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"வீட்டு லேடீஸ் படம்" என்றேன்.

"ஓ. அப்ப வாணாம்." கார்டைச் செருகினார். "இன்னமே கவலை இல்ல. கார்டு உள்ள இருக்கற வரைக்கும் அது கார்டைத்தான் காட்டும். உள்ள இருக்கறது வெளிய வராது."

எனக்கு வேண்டியது அதுதான். அந்தக் கார்டை நான் தேர்ந்தெடுத்த காரணம் இப்போது உங்களுக்குப் புரியும். சரியான கார்டு என்றால் வெளியே எடுக்கத் தேவைப்படாத கார்டு.

ஏன் அழிக்கவில்லை என்று கேட்பீர்கள். கேமரா பல நாள் என்னிடம்தான் இருந்தது. இரண்டு பொத்தான்களை அழுத்தினால் போதும். கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு நாளும் அந்த ஐந்தையும் பார்த்தேன். முதல் படத்தில் ரஞ்சித் சிரிக்கிறான். அவன் முகத்தில் வெயில் விழுகிறது. அவனுடைய கடைசிப் படம் அது. ஒரு தாய்க்கு உரியதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியானால் அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கை அழித்திருக்கலாமே என்பீர்கள். கடைசிப் படத்தில் தண்ணீர் மட்டும் இருக்கிறது. எந்த அசைவும் இல்லை. அவ்வளவு அமைதியான படத்தை நான் பார்த்ததில்லை. கண்ணை மூடினாலும் அது தெரிந்தது, இப்போதும் தெரிகிறது. அதை அழித்தால் என் கண்ணிலிருந்தும் போய்விடும் என்று சில நாள் நம்பினேன். போகாது என்று சில நாள் பயந்தேன். எந்த நாளும் விரல் எழவில்லை.

திருவக்கரைக்கு என்னையும் வேனில் அழைத்துப் போனார்கள். படம் எடுக்கும் வேலை எனக்கு. தாய்மாமன் மணிமாறன் மடியில் குழந்தை. ஆசாரி கம்பியை எடுத்ததும் அவன்தான் முதலில் கண்ணை மூடிக்கொண்டான். "குத்துறது கொழந்தைக்குத்தான்டா மாமா, உனக்கு இல்ல" என்று யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். லட்சுமியம்மாள் ஒரு ஓரத்திலும் கலைப்பிரியா மறு ஓரத்திலும் நின்றார்கள். கூட்டம் எனக்கு மிகவும் நெருங்கி நின்றது. கொஞ்சம் பின்னால் போங்கள் என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. கை, தோள், பாதித் தலை என்று வெட்டுப்பட்ட படங்களாக எடுத்தேன்.

இருந்தாலும் அவற்றை அச்சுப் போட வேண்டும் என்று கலைப்பிரியா ஆசைப்பட்டாள். கார்டை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனாள். கேமராவை வீட்டில் வைத்துவிட்டாள். இதை நான் யோசித்திருக்கவில்லை. அவள் இல்லாத நேரத்தில்தான் லட்சுமியம்மாளால் பேத்தியின் படத்தைப் பார்க்க முடியும். அவள் முன்னால் கேட்க மாட்டார் அல்லவா. பேசிக்கொள்ளாத வீட்டில் அப்படித்தான்.

மாடியில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவர் படியிறங்கி வந்தார். கேமராவை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"அண்ணே, எம்புள்ள சிரிக்கிறான் பாருங்க."

நான் பார்த்தேன்.

"சாவப்போறவன் சிரிப்பானா?"

மடியிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தேன்.

"யாரப் பாத்துச் சிரிக்கிறான்? இத யாரு எடுத்தது?" என்றார். பிறகு திரையைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோனார். "அவன் கையில இருக்கறது உங்க புஸ்தகமாச்சே. பழுப்பு அட்டை போட்டு வச்சிருப்பீங்களே."

ஆமாம் என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்த படத்துக்குப் போனார், அதற்கடுத்ததற்கும். நான் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கவில்லை.

நடந்தது இதுதான். குவாரிப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். நான் அங்கே போய்ப் படிப்பேன். அன்று ரஞ்சித் பின்னாலேயே வந்துவிட்டான். தனியாக இருக்கிறீர்களே என்று துணைக்கு வந்தானாம். பாறையில் கன்னிமார் கல் ஏழு நட்டிருக்கிறது, அதனால் செருப்பைக் கழற்றினான். கேமராவில் புதுக் கார்டைப் போட்டான், அது ஏற்கவில்லை. எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். நான் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவன் புத்தகத்தை என் மடியிலிருந்து உருவினான்.

"என்னைய ஒரு போட்டோ எடுத்தாத்தான் குடுப்பேன் சார். ஜல்தி!"

விளிம்பில் போய் நின்று, புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சிரித்தான். ஒரு படம் எடுத்தேன். இன்னும் கொஞ்சம் பின்னால் போ என்றேன். போனான்.

அவனுக்கு நீச்சல் தெரியாது. என் குடை நீளமானது, எட்டியிருக்கும். என்ன செய்வதென்று தெரியாத கை, செய்துகொண்டிருந்ததையே செய்யும். விரல் பொத்தான்மேல் இருந்தது. அவன் ஒரு முறை "சார்" என்றான். பிறகு பேசவில்லை.

கார்டு வைக்கிற இடத்தைத் திறந்து பார்த்தேன். காலியாக இருந்தது. கேமராவைத் துடைத்துப் பாறைமேல் வைத்தேன். செருப்பு கோணலாகக் கிடந்தது, நேராக்கி வைத்தேன். அதற்கு ஊர் கொடுத்த அர்த்தம் ஊருடையது. அந்தப் பெண் ஒரு வருஷம் அதைச் சுமந்தாள். நான் கீழ்வீட்டில் இருந்துகொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். கேமராத் திரையில் அவன் தலை முதல் கால் வரை முழுதாகத் தெரிந்தான். வானத்துக்குக்கூட இடம் இருந்தது. பின்னால் போகச் சொல்ல எந்தத் தேவையும் இல்லை. அவனுக்குப் பின்னால் பாறை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

உங்கள் ஆட்கள் என்னை அழைத்து வரும்போது மாடியில் பேச்சுக் குரல் கேட்டது. லட்சுமியம்மாள் மருமகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தார். அவளும் அழுதுகொண்டே ஏதோ பதில் சொன்னாள். ஒரு வருஷம் கழித்துப் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் படங்களை நான் அழித்திருந்தால் இது நடந்திருக்காது. யாரும் இதை நினைத்துப் பார்க்கப்போவதில்லை. நீங்களாவது இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, அந்த வீட்டுக்கு நான் ஒரு நல்லதும் செய்திருக்கிறேன்.